காண்பதும் கணிப்பதும்: நடத்தை ஆய்வில் உற்றுநோக்கல் முறைகளின் வரலாறு

விண்மீனை நோக்கும் வானியலார், தாம் நோக்குவதனால் அவ்விண்மீன் தன் வழியை மாற்றிக்கொள்ளுமோ என்று கவலையுறத் தேவையில்லை. பாறையை ஆராயும் நிலவியலார்க்கும் அக்கவலை இல்லை. ஆனால் குழந்தையையோ, குரங்கையோ, தொழிற்கூடத்துப் பணியாளரையோ நோக்க முற்படுவோரின் நிலை வேறு. நோக்கப்படும் உயிர் நோக்குபவரைத் திரும்ப நோக்குகிறது, அஞ்சுகிறது, நாணுகிறது, சிலவேளைகளில் அவரை மகிழ்விக்கவும் முயல்கிறது. நோக்குபவரும் மனமுடையவரே. ஆதலின், தாம் காண விரும்புவதையே கண்டுவிடும் இடர் அவருக்கும் உண்டு. இவ்விரு இடர்களினின்றும் உண்மையை மீட்டெடுக்க அறிஞர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக மேற்கொண்ட முயற்சியே உற்றுநோக்கல் முறைகளின் வரலாறாகும்.

இவ்வரலாறு ஆய்வுக்கூடத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஒரு மாணவனைக் 'கவனமற்றவன்' என்றோ, 'முரடன்' என்றோ அறிக்கையில் எழுதும் ஆசிரியரும் உற்றுநோக்கலின் முடிவையே எழுதுகிறார். அச்சொல் அம்மாணவனைப் பல ஆண்டுகள் பின்தொடரக்கூடும். எம்முறையில் நோக்கி அச்சொல்லை அடைந்தார் என்பது ஆகவே அறத்தோடு தொடர்புடைய வினாவுமாகும்.

தந்தையின் நாட்குறிப்பு

சார்லஸ் டார்வினின் முதல் மகன் 1839ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிறந்தான். பிறந்த நாள்முதல் அவனுடைய அசைவுகளையும் அழுகையையும் சிரிப்பையும் டார்வின் குறித்துவைத்தார். ஏழாம் நாளில் ஒரு தாள் துண்டால் உள்ளங்காலைத் தொட்டபொழுது, குழந்தை காலை வெடுக்கென இழுத்து விரல்களை மடக்கிக்கொண்டதையும் அவர் குறித்துள்ளார். பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேன், குழந்தை மொழி கற்கும் வகைபற்றி எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்ததைக் கண்டபின்னரே, டார்வின் தம் பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து, 1877இல் 'மைண்ட்' எனும் ஆய்விதழில் வெளியிட்டார்.

நாட்குறிப்பு முறையின் சிறப்பு, நிகழ்ச்சியும் அது நிகழ்ந்த நாளும் உடனுக்குடன் பதிவாதல் ஆகும். வளர்ச்சியின் படிகளை வரிசையாகக் காட்ட இதனினும் எளிய முறை இல்லை. இதன் குறையும் வெளிப்படை. நோக்கப்பட்டது ஒரே குழந்தை. நோக்கியவர் அதன் தந்தை. வியப்பூட்டியவை ஏட்டில் ஏறின. வியப்பூட்டாதவை ஏறாமலே மறைந்தன.

கடல்கடந்த வினாக்கள்

உணர்ச்சிகள் உலகமக்கள் அனைவரிடத்தும் ஒரே வகையில்தான் முகத்தில் தோன்றுமா என அறிய டார்வின் விரும்பினார். உலகெங்கும் தாமே செல்ல இயலாமையால், 1867ஆம் ஆண்டளவில் 16 வினாக்கள் அடங்கிய தாளொன்றை அச்சிட்டு, பல நாடுகளில் வாழ்ந்தோர்க்கு அனுப்பினார்; 36 விடைகள் வந்தன. மலாய்த் தீபகற்பத்தின் உட்பகுதியில் நெடுங்காலம் தங்கியிருந்த கீச் எனும் சுரங்கப் பொறியாளர், அங்கு வாழ்ந்த மலாய் மக்களையும், குடியேறிய சீனரையும் கவனித்து எழுதிய மடல்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவ்விடைகள் 1872இல் வெளிவந்த அவருடைய உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலுக்குத் துணைநின்றன.

அத்தாளிலேயே டார்வின் ஓர் எச்சரிக்கையும் சேர்த்திருந்தார். பொதுப்படையான கருத்துகளால் பயன் குறைவு. கண்ட காட்சியை, அது நிகழ்ந்த சூழ்நிலையோடு எழுதுக. நினைவாற்றல் ஏமாற்றும், ஆதலின் அதனை நம்பற்க என்பது அதன் கருத்து. இவ்வளவு விழிப்புடையவர்கூட வினா தொடுப்பதில் சறுக்கினார். வியப்புறும்பொழுது கண்ணும் வாயும் அகலத் திறந்து புருவங்கள் உயர்கின்றனவா என்பது போன்ற வினாவில், எதிர்பார்க்கும் விடை முன்னரே அடங்கிவிடுகிறது. தொலைவில் வாழ்ந்தவர் 'ஆம்' என எழுதுவது எளிது. வினாவே விடைக்கு வழிகாட்டலாம் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் இதிலிருந்து கற்றனர்.

கதையும் கட்டுப்பாடும்

டார்வினின் இளைய நண்பரான ஜார்ஜ் ரோமானிஸ், விலங்குகளின் அறிவுபற்றிய செய்திகளைப் பலரிடமிருந்து திரட்டி 1882இல் நூலாக்கினார். கதவைத் திறந்த பூனை, சூழ்ச்சி செய்த நாய் எனப் பல நிகழ்ச்சிகள் அதில் இடம்பெற்றன. அவற்றைச் சொன்னோர் பொய்யர் அல்லர். ஆயினும், நிகழ்ச்சியின் முடிவைக் கண்டவர்களே அவர்கள். தொடக்கத்தைக் கண்டவர்கள் அல்லர்.

இக்குறையை லாயிட் மார்கன் எடுத்துக்காட்டினார். டோனி எனும் அவருடைய நாய், தோட்டக் கதவின் தாழைத் தலையால் உயர்த்தி வெளியே செல்லும் திறம் பெற்றிருந்தது. அதனை ஒருநாள் காண்பவர், தாழின் அமைப்பை நாய் சிந்தித்து உணர்ந்ததென்றே கருதுவர். மார்கனோ தொடக்கமுதலே கவனித்திருந்தார். கம்பிகளின் இடையே நாய் தலையை நீட்டி வெளியே பார்ப்பது வழக்கம். ஒருமுறை தற்செயலாகத் தாழ் உயர்ந்து கதவு திறந்தது. பின்னர்ப் பன்முறை முயன்று, பயனில்லா அசைவுகள் குறைந்து, அச்செயல் வழக்கமாயிற்று. தாழ்ந்த நிலை மனச்செயலால் விளக்கக்கூடிய ஒன்றை உயர்ந்த நிலை மனச்செயலால் விளக்கலாகாது எனும் விதியை அவர் 1894இல் வகுத்தார். ஒருமுறை காண்பதற்கும் தொடர்ந்து காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விதி நடத்தை ஆய்வில் நிலைநாட்டியது.

குதிரை புகட்டிய பாடம்

உற்றுநோக்கலின் வரலாற்றில் பெரும் திருப்பத்தை உண்டாக்கியது பெர்லின் நகரத்துக் குதிரை ஒன்றாகும். வில்கெல்ம் ஃபான் ஆஸ்டன் எனும் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், ஹான்ஸ் எனும் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். கூட்டல், கழித்தல் முதலியவற்றிற்குக் குதிரை குளம்பால் தட்டி விடை கூறியது. உரிமையாளர் இல்லாதபொழுது பிறர் வினவினும் விடை சரியாகவே இருந்தது. 1904 செப்டம்பரில் உளநூல் அறிஞர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஆராய்ந்த குழு, இதில் ஏமாற்று ஏதும் இல்லை என அறிவித்தது.

குழுவின் கூற்று உண்மையே, அவர் ஏமாற்றவில்லை. எனினும் ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஒரு சிறு மாற்றம் செய்தார். வினவுபவருக்கே விடை தெரியாதவாறு வினாக்களை அமைத்தார். குதிரையின் அறிவு அக்கணமே மறைந்தது. வினவுபவரைக் குதிரை காணமுடியாதவாறு மறைத்தபொழுதும் அவ்வாறே ஆயிற்று. வினாவை முடித்தவர் குளம்பைக் காணத் தலையைச் சற்றே தாழ்த்துவதும், உரிய எண் வந்தவுடன் தம்மையறியாமல் மிக நுண்ணிய அளவில் நிமிர்வதுமே குதிரைக்குக் குறிப்பாயின. இவ்வுண்மையைத் தாமே கண்டறிந்த பின்னரும், அவ்வசைவை முற்றிலும் அடக்க ஃபுங்ஸ்டால் இயலவில்லை. அவருடைய ஆய்வு 1907இல் நூலாக வெளிவந்தது.

குழுவினரும் ஃபுங்ஸ்டும் நோக்கியது ஒரே குதிரையைத்தான். முன்னவர் குதிரையை மட்டும் நோக்கினர். பின்னவர் நோக்குபவரையும் சேர்த்து நோக்கினார். அமெரிக்க உளநூலார் ராபர்ட் ரோசென்தால் 1963இல் வெளியிட்ட ஆய்வு இப்பாடத்தை மேலும் விரித்தது. ஒரே வகை எலிகளைச் சில மாணவர்களிடம் 'கூர்மதியுடையவை' என்றும், சிலரிடம் 'மந்தமானவை' என்றும் சொல்லிக் கொடுத்தனர். கூர்மதியுடையவை எனப்பட்டவையே நன்கு கற்றதாகப் பதிவாயிற்று. எலிக்கு நேர்ந்தது மாணவனுக்கும் நேரலாம் என்பதை உணர ஆசிரியர்க்கு விளக்கம் தேவையில்லை.

உள்ளே வாழ்ந்து நோக்கல்

தொலைவில் நின்று நோக்குவதற்கு மாறாக, மக்களோடு மக்களாய் வாழ்ந்து நோக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் இருமுறை அவர் பசிபிக் பகுதியின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கினார். ஊரின் நடுவே கூடாரமிட்டு, மக்களின் மொழியைக் கற்று, அன்றாட வாழ்க்கையை எழுதினார். 1922இல் வெளிவந்த அவருடைய நூல் மானிடவியலில் ஒரு வழிகாட்டியாயிற்று. பொருளை மட்டுமன்றிப் பொருள்மீது மக்கள் கொள்ளும் கருத்தையும் அறியவல்லது இப்பங்கேற்பு முறை.

ஆயின் அவருடைய மறைவுக்குப்பின் 1967இல் வெளியான தனி நாட்குறிப்பு, அவர் அம்மக்கள்மீது எரிச்சலும் வெறுப்பும் கொண்ட தருணங்களை வெளிப்படுத்தியது. அருகில் வாழ்தல் மட்டுமே நடுநிலையைத் தந்துவிடாது என்பது அதனால் புலனாயிற்று.

பங்கேற்பை மறைவாகச் செய்ததாகச் சொல்லப்படும் ஆய்வொன்று 1973இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. மனநலம் உடையோர் சிலர் நோயாளிகள்போல் மருத்துவமனைகளில் சேர்ந்து, அங்கு நடப்பவற்றை நோக்கினர் என டேவிட் ரோசன்ஹான் எழுதினார். பல்லாண்டு பாடநூல்களில் போற்றப்பட்ட இவ்வாய்வை, சுசானா காஹலன் 2019இல் வெளியிட்ட நூல் கடும் ஐயத்துக்கு உள்ளாக்கியது. மறைவாக நோக்கியவரின் சொல்லைச் சரிபார்ப்பது அரிது. அம்முறையின் பெருங்குறை இதுவே.

நோக்கும் கண்ணின் விளைவு

சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்கூடத்தில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளி, ஓய்வுநேரம் முதலியன உற்பத்தியை எவ்வாறு மாற்றுகின்றன என அறிவதே நோக்கமாயிருந்தது. எம்மாற்றம் செய்யினும் உற்பத்தி பெருகியது என்றும், தாம் கவனிக்கப்படுகிறோம் எனும் உணர்வே அதற்குக் காரணம் என்றும் பின்னர்க் கூறப்பட்டது. 'ஹாதார்ன் விளைவு' எனும் பெயரும் வழங்கலாயிற்று. அண்மைக்காலத்தில் பழைய விளக்கொளித் தரவுகளை மீண்டும் கணக்கிட்டோர், அவ்விளைவு கதையாகச் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிதன்று எனக் கண்டனர். உற்றுநோக்கலின் இடர்பற்றிய கதையே உரிய சரிபார்ப்பின்றிப் பரவியது எண்ணத்தக்கது.

நோக்குபவரை மறைக்கும் வழியும் தேடப்பட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னல்டு கெசல், ஒருபுறமிருந்து மட்டும் காணக்கூடிய திரையையும் திரைப்படக் கருவியையும் பயன்படுத்திக் குழந்தைகளை ஆராய்ந்தார். குழந்தையின் நாணம் இதனால் தவிர்க்கப்பட்டது. ஆயினும் எதை நோக்குவது, எவ்வளவு நேரம் நோக்குவது எனும் வினாக்கள் எஞ்சின.

காலத்தைக் கூறிடல்

அவ்வினாக்களுக்கு விடையாகத் தோன்றியது கால மாதிரி முறை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன், பாலர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்து 1932இல் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொரு குழந்தையையும் ஒரு நிமிடம் நோக்குவது, அடுத்த குழந்தைக்குச் செல்வது, பல நாட்கள் இதனைத் தொடர்வது என்பது அவர் முறை. ஈடுபாடின்மை, வேடிக்கை பார்த்தல், தனித்து ஆடல், அருகருகே ஆடல், கலந்து ஆடல், கூடி ஆடல் என ஆறு வகைகளில் அவர் நடத்தையைப் பகுத்தார். ஆரவாரம் செய்யும் குழந்தையும், மூலையில் அமர்ந்திருக்கும் குழந்தையும் சம நேரம் நோக்கப்பட்டனர் என்பது இம்முறையின் நேர்மை.

இதற்கு நேர்மாறான முறையை ரோஜர் பார்க்கரும் ஹெர்பர்ட் ரைட்டும் மேற்கொண்டனர். கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1949 ஏப்ரல் 26ஆம் நாள், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கச் சென்றது வரை, எட்டு நோக்குநர்கள் முறைவைத்து அவனைப் பின்தொடர்ந்து எழுதினர். ஒருநாள் வாழ்க்கை நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக 1951இல் வெளிவந்தது. பார்ட்டனின் முறையில் ஒப்பிட எண்கள் கிடைத்தன. நிகழ்ச்சியின் தொடர்ச்சி அறுந்தது. பார்க்கரின் முறையில் தொடர்ச்சி கிடைத்தது. பல குழந்தைகளை ஒப்பிடுவது அரிதாயிற்று.

வகுப்பறைக்கும் இம்முறை வந்தது. நெட் ஃபிளாண்டர்ஸ் வகுத்த இடைவினைப் பகுப்பாய்வில், மூன்று நொடிக்கு ஒருமுறை அப்பொழுது நிகழ்வதைப் பத்து வகைகளுள் ஒன்றாகக் குறிக்கவேண்டும். ஏழு வகைகள் ஆசிரியர் பேச்சுக்கும், இரண்டு மாணவர் பேச்சுக்கும், ஒன்று அமைதி அல்லது குழப்பத்துக்கும் உரியவை. வகுப்பு நேரத்தில் மூன்றில் இருபங்கு யாரேனும் பேசுகின்றனர்; அதில் மூன்றில் இருபங்கு ஆசிரியரே பேசுகிறார் என்பது அவர் கண்ட பொது நிலை.

ஆல்ட்மன் செய்த ஒப்பீடு

காட்டு விலங்குகளை ஆராய்ந்தோரிடையேதான் இம்முறைகளின் முழுமையான ஒப்பீடு தோன்றியது. ஜேன் குட்டால் 1960 ஜூலையில் கோம்பே காட்டுக்குச் சென்றார். அவ்வாண்டு இறுதிக்குள், சிம்பன்சிகள் புல்தண்டைக் கருவியாக்கிக் கறையான் பிடிப்பதைக் கண்டார். பொறுமையான உற்றுநோக்கலின் வெற்றி அது. பின்னர், அவற்றை அருகில் வரவழைக்க வாழைப்பழம் வைத்ததால் அவ்விடத்தில் சச்சரவு மிகுந்ததும் பதிவாகியுள்ளது. பகாங் மாநிலக் காடுகளில் டேவிட் சிவர்ஸ் 1968 முதல் 1970 வரை சியாமாங் குரங்குகளைப் பின்தொடர்ந்த ஆய்வும் அக்காலத்தைச் சேர்ந்ததே.

1974இல் ஜீன் ஆல்ட்மன் 'பிஹேவியர்' எனும் இதழில் வெளியிட்ட கட்டுரை, வழக்கிலிருந்த ஏழு முறைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதும் முறையில், உருவில் பெரியதும் ஓசையில் மிக்கதுமே ஏட்டில் நிறையும் என்றார். ஆண் குரங்குகளின் சண்டை எழுதப்படும். குட்டியை அணைத்தபடி இலை மேயும் தாய் எழுதப்படாது. அதற்கு மாற்றாக, யாரை எப்பொழுது எவ்வளவு நேரம் நோக்குவது என முன்கூட்டியே வரையறுத்து, அக்கால அளவு முழுதும் அவ்வொரு உயிரையே தொடரும் முறையை அவர் வலியுறுத்தினார். ஆப்பிரிக்காவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை அவர் இவ்வாறு ஆராய்ந்ததன் பயனாக, தாய்மாரின் அன்றாட உழைப்பைக் கூறும் நூல் 1980இல் வெளிவந்தது. முறை மாறியதும், அதுவரை காணாதிருந்தோர் காட்சிக்கு வந்தனர்.

எண்கள் எவ்வாறு ஏமாற்றும் என்பதையும் அக்கட்டுரை உணர்த்தியது. வகுப்பறை எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். 60 நிமிட வகுப்பில் மாணவன் ஒருவன் ஆறுமுறை, முறைக்குப் பத்து நொடி, சன்னல்வழி வெளியே பார்க்கிறான் எனக் கொள்க. மொத்தம் ஒரே நிமிடம். அஃதாவது 60இல் ஒரு பங்கு. வகுப்பை ஐந்து நிமிடக் கூறுகள் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் 'கவனம் சிதறியதா, இல்லையா' என்று மட்டும் குறித்தால், அந்த ஆறுமுறையும் ஆறு வெவ்வேறு கூறுகளில் விழும்பொழுது, பன்னிரண்டில் ஆறு 'சிதறியது' எனப் பதிவாகும். ஏட்டின்படி அவன் பாதி வகுப்பில் கவனமற்றவன்! மாறாக, நிமிடத்திற்கு ஒருமுறை மணி ஒலிக்கும் அக்கணத்தில் மட்டும் நோக்கிக் குறித்தால், 60 குறிப்புகளில் ஏறத்தாழ ஒன்றே அவனுக்கு எதிராக அமையும். மாணவன் ஒருவனே, நடத்தை ஒன்றே, முறை மாறியதால் தீர்ப்பு மாறிற்று.

இருவர் கண்டால் உண்மையாகுமா?

இருவர் ஒத்துரைத்தால் போதும் எனும் எண்ணத்தையும் ஆய்வாளர்கள் சோதித்தனர். இரு நோக்குநர்கள் 100 கணங்களில் ஒரு மாணவனை நோக்கி, இருவருமே 90 கணங்களில் 'அமைதி' எனக் குறித்தனர் எனக் கொள்க. அவர்கள் மாணவனைப் பாராமலே, அவ்விகிதத்தில் மனம்போல் குறித்திருப்பினும், ஏறத்தாழ 82 கணங்களில் அவர்களின் குறிப்புகள் ஒத்திருக்கும். ஆதலின் '82 விழுக்காடு உடன்பாடு' என்பது இங்கு வெறுஞ்சொல்லே. தற்செயல் உடன்பாட்டைக் கழித்துக் கணக்கிடும் அளவையை ஜேக்கப் கோஹன் 1960இல் வகுத்தார். இவ்வெடுத்துக்காட்டில் அவ்வளவையின் மதிப்பு சுழியமாகும்.

முடிவுரை

இம்முறைகளுள் எது சிறந்தது என வினவுவது பொருந்தாது. வளர்ச்சியின் படிகளை அறிய நாட்குறிப்பு உதவும். பலரை ஒப்பிடக் கால மாதிரி வேண்டும். செயலின் காரணத்தொடரை அறிய ஒருவரையே தொடரவேண்டும். மக்கள் தம் செயலுக்குத் தாமே தரும் பொருளை அறிய அவர்களோடு வாழவேண்டும். வினா எதுவோ அதற்கேற்ப முறை அமைதலே முறைமை. இன்று ஒளிப்பதிவுக் கருவிகள் ஒரே காட்சியைப் பன்முறை காணும் வாய்ப்பை அளிக்கின்றன. ஆயினும் கருவியை எப்பக்கம் திருப்புவது எனத் தீர்மானிப்பவர் மனிதரே. ஹான்ஸ் குதிரையின் முன் தலை நிமிர்த்தியவரும் மனிதரே.

ஆசிரியர் ஒருவர் ஆய்வாளராக வேண்டுவதில்லை. ஆயினும் மாணவனைப்பற்றி ஒரு சொல் எழுதுமுன், எத்தனை நாள் நோக்கினோம், குறும்பனை நோக்கிய அளவு அமைதியானவனையும் நோக்கினோமா, கண்டதை எழுதுகிறோமா அன்றிக் கருதியதை எழுதுகிறோமா எனத் தம்மைத் தாமே வினவுதல் இயலும். 'அவன் சோம்பேறி' என்பது கணிப்பு. 'திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் அவன் பத்து நிமிடம் எழுதாதிருந்தான்' என்பது காட்சி. முன்னது கதவை அடைக்கிறது. பின்னது ஏன் எனும் வினாவைத் திறக்கிறது. அவ்வினாவைத் திறந்து வைத்திருத்தலே உற்றுநோக்கலின் கடமையும், கல்வியின் கடமையும் ஆகும்.